தொழிற் பாடசாலையின் மூன்று கணக்குகள்

ஒரு பாடசாலையின் ஆண்டறிக்கையைக் கையில் எடுப்பவர் முதலில் தேடுவன மூன்று கணக்குகள். ஆசிரியர் எத்தனை பேர்? செலவு எவ்வளவு? மாணாக்கர் எத்தகைய குடும்பங்களிலிருந்து வருகின்றனர்? இம்மூன்றையும் தனித்தனிப் பக்கங்களில் எழுதித் தனித்தனியே கூட்டிப் பார்ப்பது அலுவலகங்களின் வழக்கம். ஆனால், தொழிற் கல்வி புகட்டும் அரசாங்கப் பாடசாலையைப் பொறுத்தவரை இம்மூன்றும் ஒரே கணக்கின் மூன்று வரிகளாகும். செலவிடும் பணம் ஆசிரியர் தொகையை அளவிடுகின்றது. ஆசிரியர் தொகை மாணவருக்குரிய இடங்களை அளவிடுகின்றது. இடங்கள் போதாவிடில், எந்த வீட்டுப் பிள்ளை உள்ளே, எந்த வீட்டுப் பிள்ளை வெளியே என்ற கேள்வி பிறக்கின்றது. நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவத்தால் இவ்வுண்மையை அறிந்த ஓரிடம், ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள மசாசூசெற்ஸ் மாநிலம். அதன் வரலாறு நேயர்கள் செவிமடுக்கத் தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மாநிலம் நெசவாலைகளுக்கும் சப்பாத்துத் தொழிற்சாலைகளுக்கும் இயந்திரப் பட்டறைகளுக்கும் பெயர்பெற்றிருந்தது. 1905 ஆம் ஆண்டில் அதன் ஆளுநராக இருந்தவர் வில்லியம் டக்ளஸ். அவர் இளமையிலேயே சப்பாத்துத் தைக்கும் வேலைக்கு விடப்பட்டுப் பின்னர் பெருந் தொழிலதிபராக உயர்ந்தவர். தொழிற் கல்வியை ஆராய அவர் நியமித்த ஆணைக்குழு 1906 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பதினான்கு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளில் சுமார் 25,000 பேர் பாடசாலைக்கு வெளியே இருந்தனர் என்பது அது கண்ட செய்தி. அவர்கள் செய்த வேலைகளோ எதிர்காலம் அற்றவை. எத்தனை ஆண்டு செய்தாலும் கைத்திறனோ கூலியோ உயராதவை. பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்திய பெற்றோர் எல்லோரும் வறுமையாலேயே நிறுத்தினர் என்று சொல்லவும் இயலவில்லை. அங்கே கற்பிக்கப்பட்டது தம் பிள்ளைகளுக்கு எதற்குப் பயன்படும் என்பது பலருக்கு விளங்கவில்லை. எனவே, பொதுக் கல்வி கைவிட்ட பிள்ளைகளுக்கென்றே தொழிற் பாடசாலை எழ வேண்டும் என்ற கருத்து வலுத்தது. வூஸ்ரர் நகரில் ஆண்பிள்ளைகளுக்கான தொழிற் பாடசாலை 1910 இல் திறக்கப்பட்டது.

அக்காலத்திலேயே ஒரு பெரும் வாதமும் எழுந்தது. மாநிலத்தின் கல்வி ஆணையாளராயிருந்த டேவிட் சினெடன், தொழிலுக்கு வேண்டிய பயிற்சியைத் தனிப் பாடசாலைகளில் திறமையாக அளிப்பதே முறையென்றார். கல்வித் தத்துவ அறிஞர் ஜோன் டூயி 1915 இல் இதனை மறுத்தார். அன்றிருந்த தொழில் அமைப்புக்கேற்பத் தொழிலாளரைச் செதுக்கித் தரும் பயிற்சியைக் கல்வியென்று கொள்ள அவர் இசையவில்லை. தொழிலைப் புரிந்துகொண்டு அதனை மாற்றவும் வல்ல அறிவு அவர்களுக்கு வேண்டுமென்றார். நடைமுறையில் வென்றது சினெடனின் பக்கமே. அவருடன் பணியாற்றிய சாள்ஸ் புரொசரின் பெருமுயற்சியால் உருவான சிமித்து-கியூஸ் சட்டம் 1917 இல் நிறைவேறியது. வேளாண்மை, கைத்தொழில், மனையியல் ஆகியவற்றைக் கற்பிக்கும் ஆசிரியரின் சம்பளத்துக்கு மத்திய அரசாங்கம் பணம் தரும். மத்திய அரசு ஒரு டொலர் தந்தால் மாநிலமோ ஊரோ இன்னொரு டொலர் இட வேண்டும். இவ்வாறு ஆசிரியர் கணக்கும் செலவுக் கணக்கும் தொடக்கத்திலேயே பிணைக்கப்பட்டன.

அப்பிணைப்பின் காரணத்தை அறிய, இன்றைய தொழிற் பாடசாலை ஒன்று இயங்கும் முறையைப் பார்த்தல் வேண்டும். மசாசூசெற்ஸில் இத்தகைய பாடசாலைகள் பலவற்றில் ஒரு கிழமை வகுப்பறை, மறு கிழமை பட்டறை என்ற முறை நிலவுகின்றது. ஒரு கிழமை கணிதம், விஞ்ஞானம், மொழி, வரலாறு. அடுத்த கிழமை முழுவதும் தச்சு, மின்வேலை, நீர்க்குழாய் வேலை, மோட்டார் திருத்தம், சமையல், தாதிப் பணி, கணினி முதலானவற்றுள் ஒன்று. ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவன் பட்டறை பட்டறையாகச் சென்று பல தொழில்களையும் தொட்டுப் பார்த்த பின்னரே தனக்குரிய தொழிலைத் தெரிகின்றான். இறுதி ஆண்டுகளில் தேர்ச்சி பெற்றோர், பட்டறைக் கிழமைகளில் வெளி நிறுவனங்களுக்குச் சென்று கூலி பெற்று வேலை செய்யவும் இடமுண்டு.

இம்முறைக்கு இரு வகை ஆசிரியர் வேண்டும். ஒரு வகையினர் பட்டம் பெற்றவர்கள். மற்றவர் தொழிலில் ஊறியவர்கள். பட்டறை ஆசிரியர் பல ஆண்டுகள் அத்தொழிலைச் செய்து உழைத்திருக்க வேண்டும். எழுத்துப் பரீட்சையோடு செய்முறைப் பரீட்சையிலும் தேற வேண்டும். அத்தகைய ஒருவரைக் கண்டுபிடிப்பதே அதிபரின் பெருந் தலைவலி. நல்ல மின்வேலைக்காரர் ஒருவர் வெளியே ஈட்டும் வருமானத்தை விட்டுப் பாடசாலைச் சம்பளத்துக்கு வருவது எளிதன்று. அன்றியும், சுழலும் வாளுக்கும் உருக்கி ஒட்டும் தீச்சுவாலைக்கும் நடுவே நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளைகளை ஒரே ஆசிரியர் பெருந் தொகையாக மேய்க்க முடியாது. மசாசூசெற்ஸின் கல்வி நிதிக் கணக்கு இதனை ஒப்புக்கொள்கின்றது. 1993 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தின் வழிவந்த அக்கணக்கில், சாதாரண உயர்பாடசாலைக்கு 17 மாணவருக்கு ஓர் ஆசிரியரும், தொழிற் பாடசாலைக்கு 10 மாணவருக்கு ஓர் ஆசிரியரும் என்று கொள்ளப்படுகின்றது.

ஆகவே தொழிற் பாடசாலையில் ஒரு மாணவனுக்கு ஆகும் செலவு கூடுதலாயிருப்பதில் வியப்பில்லை. ஆசிரியர் சம்பளத்தோடு கருவி, மூலப்பொருள், பாதுகாப்புச் சாதனம் யாவும் சேருகின்றன. வாங்கிய கருவி பழுதாகாவிடினும் பத்தாண்டில் பழையதாகிவிடும். தொழிற்சாலை கைவிட்ட இயந்திரத்தில் பயின்ற பிள்ளைக்குத் தொழிற்சாலையில் என்ன மதிப்பு? 1984 இல் பேர்க்கின்ஸ் என்பாரின் பெயரால் இயற்றப்பட்டு 2018 இல் புதுப்பிக்கப்பட்ட மத்திய சட்டம், நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 140 கோடி டொலர் வழங்கி வந்திருக்கின்றது. பெருந்தொகைபோலத் தோன்றினும், ஐம்பது மாநிலங்களுக்குப் பங்கிட்டால் அது ஊறுகாய் அளவே. சோற்றை இடுவன மாநிலமும் ஊர்களுமே. பல ஊர்கள் கூடி நடத்தும் வட்டாரத் தொழிற் பாடசாலைக்கு ஒவ்வோர் ஊரும் தன் பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பங்கு செலுத்துகின்றது. தன் உயர்பாடசாலையில் ஒரு மேசை வெறுமையாகியும் செலவு குறையாதிருக்க, தொழிற் பாடசாலைக்கும் பணம் கட்ட வேண்டியிருப்பதை முணுமுணுக்கும் நகரசபைகள் உண்டு.

செலவின் பயனையும் சொல்லாதுவிடல் நேர்மையன்று. வூஸ்ரர் பாடசாலை 2006 இல் புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட தொழில்கள் அங்கே கற்பிக்கப்படுகின்றன. 2012 முதல் ரவ்ற்ஸ் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து அங்கே கால்நடை வைத்தியசாலை ஒன்று நடைபெறுகின்றது. வருமானம் குறைந்தோர் தம் வளர்ப்புப் பிராணிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் அங்கே சிகிச்சை பெறுகின்றனர். மாணவர் அங்கு பயிற்சி பெறுகின்றனர். 2014 சூன் 11 இல் அப்பாடசாலையின் பட்டமளிப்பு விழாவில் உரையாற்ற ஜனாதிபதி ஒபாமா நேரில் வந்தார். மாணவரிற் பெரும்பாலோர் வருமானம் குறைந்த குடும்பத்தினராயிருந்தும் அப்பாடசாலை பெற்றிருந்த வெற்றியே அவரை அங்கு அழைத்தது.

வெற்றி வந்தது; அதனோடு ஒரு சோதனையும் வந்தது. ஒரு காலத்தில் மற்றைய பாடசாலைகள் வேண்டாமென்று தள்ளிய பிள்ளைகளின் புகலிடம் என இகழப்பட்ட தொழிற் பாடசாலைகளின் முன், இப்பொழுது விண்ணப்பங்கள் குவியத் தொடங்கின. ஆயிரக்கணக்கானோர் காத்திருப்போர் பட்டியலில் நின்றனர். இடத்துக்கு மிஞ்சி ஆள் வரவே, தெரிவு செய்ய வேண்டியதாயிற்று. 2003 ஆம் ஆண்டு விதிகளின்படி, முன்னைய பாடசாலையிற் பெற்ற புள்ளிகள், வரவு, ஒழுக்கப் பதிவு, ஆலோசக ஆசிரியரின் சிபாரிசு ஆகியவற்றைக் கொண்டு மாணவரைத் தரப்படுத்தினர். நேர்முகம் நடத்தவும் இடமிருந்தது. தோற்றத்தில் இது நியாயமே. ஆனால், பதின்மூன்று வயதில் நல்ல புள்ளியும் குறைவற்ற வரவும் நல்ல சிபாரிசும் யாரிடம் இருக்கும்? அமைதியான வீடும், ஆங்கிலம் பேசும் பெற்றோரும், நிலையான முகவரியும் உடைய பிள்ளையிடமே பெரும்பாலும் இருக்கும்.

2023 பெப்ரவரியில் மத்திய அரசாங்கத்திடம் ஒரு முறைப்பாடு செய்யப்பட்டது. அம்முறைப்பாட்டுக்காரர் காட்டிய எண்கள் இவை: விண்ணப்பித்த வெள்ளை இன மாணவரில் நூற்றுக்கு 69 பேருக்கு இடம் கிடைத்தது; ஏனைய இன மாணவரில் 55 பேருக்கே கிடைத்தது. வசதியுள்ளோரில் 72 பேருக்கும் வறியோரில் 54 பேருக்கும் கிடைத்தது. ஆங்கிலம் அறிந்தோரில் 64 பேருக்கும், ஆங்கிலத்தை இன்னும் கற்றுக்கொண்டிருப்போரில் 44 பேருக்கும் கிடைத்தது. எவருக்காக வாசல் கட்டப்பட்டதோ அவர்களே வாசலில் நிறுத்தப்பட்டனர் என்பது அம்முறைப்பாட்டின் சாரம்.

அதிபர்கள் பலர் இதற்கு மறுமொழி கூறினர். பட்டறையில் கவனமற்ற பிள்ளை தனக்கும் பிறர்க்கும் ஆபத்தாவான். தொழிலில் உண்மையான நாட்டமுள்ளவனை அறிய நேர்முகம் வேண்டும். ஒழுங்காக வருபவனையே வேலை கொடுப்போர் ஏற்பர் என்றனர். இவை புறக்கணிக்கத்தக்க வாதங்களல்ல. ஆயினும் ஆராய்ச்சி ஒன்று வேறோர் உண்மையைச் சொல்கின்றது. சோன் டோகெற்றி என்னும் ஆய்வாளர் 2018 இல் வெளியிட்ட கட்டுரையில், மசாசூசெற்ஸின் தொழிற் பாடசாலைகளில் அனுமதிக் கோட்டுக்குச் சற்று மேலே நின்று இடம் பெற்றோரையும் சற்றுக் கீழே நின்று இடம் இழந்தோரையும் ஒப்பிட்டார். உரிய காலத்தில் உயர்பாடசாலைக் கல்வியை முடிக்கும் வாய்ப்பு, வசதியுள்ள மாணவருக்கு நூற்றுக்கு 7 முதல் 10 வரை கூடியிருந்தது; வறிய மாணவருக்கும் கோட்டின் விளிம்பில் நின்றவர்களுக்கும் பயன் அதனினும் கூடுதல் என்பதற்கான அறிகுறிகள் தென்பட்டன. அஃதாவது, எவனை உள்ளே விடத் தயங்கினார்களோ அவனே உள்ளே வந்தால் அதிகம் பெறுகின்றான்.

2021 இல் மாநிலக் கல்விச் சபை விதிகளைத் தளர்த்தியது. அதுவும் போதவில்லை என்ற குரல் ஓயாதிருக்கவே, 2025 மே மாதத்தில், இடத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பிக்கும் பாடசாலைகளில் திருவுளச் சீட்டின் மூலமே மாணவரைத் தெரிய வேண்டும் எனச் சபை வாக்களித்தது. 2026 இல் நுழைவோரைக் கருதி இயற்றப்பட்ட அவ்விதிகளில் புள்ளிக்கும் சிபாரிசுக்கும் நேர்முகத்துக்கும் இடமில்லை.

திருவுளச் சீட்டு பாரபட்சத்தைக் குறைக்கலாம்; பஞ்சத்தைப் போக்காது. பத்துப் பேருக்குரிய பட்டறைக்கு இருபது பேர் வந்தால், சீட்டுப் போட்டாலும் தரம் பிரித்தாலும் பத்துப் பேர் வெளியேதான் நிற்பர். அவர்களுக்கும் இடம் வேண்டுமாயின் இன்னுமொரு பட்டறை வேண்டும். அதில் நிற்க இன்னுமோர் ஆசிரியர் வேண்டும். அவரைத் தொழிலிலிருந்து அழைத்துவரத் தக்க சம்பளம் வேண்டும். இவ்வாறு மாணவர் கணக்கு மீண்டும் ஆசிரியர் கணக்குக்கும் செலவுக் கணக்குக்குமே வந்து சேருகின்றது.

ஒரு தொழிற் பாடசாலை சிறந்ததென்று எவரேனும் புகழ்ந்தால், அதன் தேர்ச்சி வீதத்தைக் கேட்டு மகிழ்வதோடு அமையலாகாது. ஒரு பட்டறை ஆசிரியரிடம் எத்தனை பிள்ளைகள் நிற்கின்றனர், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவிடப்படுகின்றது, விண்ணப்பித்து இடம் பெறாதோர் எவ்வீட்டார் என்னும் மூன்றையும் சேர்த்தே கேட்டல் வேண்டும். உள்ளே இருப்போரின் வெற்றியை அறிக்கைகள் தாமாகவே சொல்லும். வெளியே நிற்போரின் தொகையைக் கேட்பவர் இருந்தால்தான் எவரும் எழுதிவைப்பர்.