ஓடும்போதே கம்பைல் செய்த கதை
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் பண்ணி, "பதினைந்து நிமிஷம் பேசு. ஹாஸ்டல் சாம்பாரைப் பத்திப் பேசாதே, அதை மத்த எட்டுப் பேரும் பேசுவாங்க" என்று சொல்லிவிட்டார். ஆகவே என் தொழிலில் நான் செய்த ஒரு காரியத்தையும், அதில் நான் பண்ணின ஒரு தப்பையும் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் படிக்காத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ரயில்வே ரிசர்வேஷன் படிவம் எல்லோரும் எழுதியிருப்பீர்கள். பெயர், வயது, பால். ஒரு படிவத்தில் ஆறு பேருக்கு மேல் எழுத முடியாது. இப்படி நிரப்பிய தகவலை ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு அனுப்பும் முறைகளில் ஒன்று எக்ஸ்.எம்.எல். 1998-இல் அதன் விதிமுறை வெளிவந்தது. "வயது என்ற இடத்தில் எண்தான் வரணும், பயணி ஆறு பேருக்கு மேல் கூடாது" என்று படிவத்துக்கே சட்டம் எழுதுவதுதான் ஸ்கீமா. அதன் விதிமுறை 2001-இல் வந்தது.

நான் 2009-இல் வேலை செய்த நிறுவனம், ஆஸ்பத்திரிகளுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் நடுவே கிளெய்ம் படிவங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் மென்பொருளைச் செய்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஸ்கீமா. அதை எக்ஸ்.ஜே.சி. என்ற கருவியிடம் கொடுத்தால் ஜாவா கிளாஸ்களாக எழுதித் தரும். அவற்றைக் கம்பைல் செய்து, ராத்திரி சர்வரை நிறுத்தி, ஏற்றுவோம்.

இதில் ஒரு சங்கடம். ஏதாவது ஒரு கம்பெனி திடீரென்று படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்துவிடும். நாங்கள் புதுசா ஏற்றும் வரை அந்தக் கம்பெனியின் கிளெய்ம் எல்லாம் திரும்பி வரும். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர், பையை எல்லாம் கட்டி வைத்துக்கொண்டு, "இன்சூரன்ஸ் அப்ரூவல் வந்தாத்தான் டிஸ்சார்ஜ்" என்று கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார்.

நான் ஒரு யோசனை சொன்னேன். புது ஸ்கீமா வந்ததும் புரோகிராம் தானே அதை எடுத்து, தனக்குள்ளேயே எக்ஸ்.ஜே.சி.யை ஓட்டி, கம்பைல் செய்து, புது கிளாஸ் லோடர் ஒன்றில் ஏற்றிக்கொள்ளட்டும். சர்வரை நிறுத்தவே வேண்டாம். ஓடுகிற புரோகிராமுக்குள்ளிருந்தே கம்பைலரைக் கூப்பிடும் வசதி, 2006-இல் வந்த ஜாவா 6-லேயே இருந்தது.

முதல் நாளே சறுக்கல். எங்கள் மேஜையில் ஓடியது சர்வரில் ஓடவில்லை. காரணம், சர்வரில் ஜாவாவை ஓட்டும் பகுதி மட்டும்தான் இருந்தது, கம்பைலர் இல்லை. அதைச் சரிசெய்தபின் அற்புதமாக வேலை செய்தது. மதியம் மாறிய படிவம், டீ வரும் நேரத்துக்குள் தயார். எனக்கு ஷீல்டு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

எங்கள் குழுவில் வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் இருந்தார். ஒருநாள், "சார், புது கிளாஸ் வந்ததும் பழைய கிளாஸ் எல்லாம் எங்க சார் போகுது?" என்று கேட்டார். "அதெல்லாம் ஜாவா பாத்துக்கும்மா" என்றேன்.

பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை காலை, சர்வர் விழுந்தது. முன்பெல்லாம் ஒரு கம்பெனியின் கிளெய்ம்தான் நிற்கும். அன்றைக்கு எல்லாக் கம்பெனியும், எல்லா ஆஸ்பத்திரியும் நின்றது. திரையில் "பெர்ம்ஜென் ஸ்பேஸ்" என்று ஒரு வரி. கிளாஸ்களை வைத்திருக்கும் நினைவகம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம்.

நம்ம ஹாஸ்டல் மாடியை நினைத்துக்கொள்ளுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் போய்விட்டார்கள். ஆனால் ஓர் அறையில் ஒரே ஒரு டிரங்குப் பெட்டி. அது இருக்கும் வரை அந்த மாடி முழுவதையும் காலி என்று வார்டன் எழுத மாட்டார் என்றால் எப்படி? ஜாவாவில் அதுதான் சட்டம். ஒரு கிளாஸ் லோடரைச் சேர்ந்த ஏதாவது ஒன்றை யாராவது பிடித்துக்கொண்டிருந்தாலும், அது ஏற்றிய எந்தக் கிளாசும் வெளியே போகாது. வேகத்துக்காக நாங்கள் வைத்திருந்த ஒரு பட்டியல் பழையவற்றை எல்லாம் பிடித்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, ஸ்கீமா மாறியதா என்றே பார்க்காமல் மணிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கம்பைல் செய்தோம். அது நான் போட்ட திட்டம்.

அன்று மாலை மேலதிகாரிகள் கூட்டம். "எந்தப் பகுதியில தப்பு?" என்று கேட்டார்கள். "அந்தப் பட்டியல் பகுதியை எழுதினது புதுசா வந்த பொண்ணு" என்றேன். அது உண்மைதான். எழுதச் சொன்னது நான் என்பதைச் சொல்லவில்லை. அவர் என்னை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தக் கல்லூரியில் கம்பைலர் பாடம் எடுத்த ஐயா சொன்னது ஞாபகம் வந்தது: "கம்பைலர் திட்டினா சந்தோஷப்படுங்கடா. அது வீட்டுக்குள்ள வாங்குற திட்டு. ஓடும்போது வர்ற தப்பு, தெருவுல வாங்குற திட்டு." கம்பைல் செய்வதையே ஓடும் நேரத்துக்குத் தள்ளியவன் நான். வீட்டுக்குள் வாங்க வேண்டிய திட்டையெல்லாம் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அதையும் இன்னொருத்தர் தலையில் கட்டியிருந்தேன்.

மறுநாள் அதே அதிகாரிகளிடம் போய், திட்டம் என்னுடையது, எச்சரிக்கை அவருடையது என்று சொன்னேன். பிறகு அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தினோம். ஸ்கீமாவுக்குக் கைரேகை மாதிரி ஒரு குறியீடு எடுத்து, அது மாறினால் மட்டும் கம்பைல். கம்பைல் ஆனதும் உடனே நடைமுறைக்கு விடாமல், பழைய கிளெய்ம்களை வைத்து ஒத்திகை. தேறினால்தான் மாற்றம். கையிலிருக்கும் வேலை முடிந்ததும் பழைய லோடரின் கடைசிப் பிடியையும் விட்டுவிடுவது. ஒரு ஸ்கீமா இழுக்கும் மற்ற ஸ்கீமாக்களை இணையத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் இறக்காமல் நம்மிடமே பிரதி வைப்பது. எல்லோரும் சும்மா சும்மா இறக்கியதால், 2008-இல் டபிள்யூ3சி அமைப்பே, நாளொன்றுக்கு 13 கோடி வரை கோரிக்கை வருகிறது என்று புலம்பியது!

கடைசியில் அவர்தான் இன்னொரு கேள்வி கேட்டார்: "சார், நமக்கு கிளாஸே எதுக்கு?" யோசித்தால், பல படிவங்களில் எங்களுக்குத் தேவை பத்துப் பன்னிரண்டு கட்டம்தான். ஸ்கீமாவைச் சரிபார்ப்புக்கு மட்டும் நினைவில் கம்பைல் செய்து வைத்துக்கொண்டு, வேண்டிய கட்டங்களை எக்ஸ்பாத் மூலம் நேரே எடுத்தால் போதும். ஜாவாவிலேயே அதற்கு வசதி இருந்தது. கிளாஸ் எழுதுவதும் இல்லை, லோடரும் இல்லை. என் ஷீல்டு வாங்கிய யோசனையில் முக்கால்வாசியை எடுத்துப் போட்டோம். சர்வர் அதன்பின் அந்தக் காரணத்துக்காக விழவே இல்லை.

2014-இல் வந்த ஜாவா 8 பெர்ம்ஜென்னையே எடுத்துவிட்டு வேறு ஏற்பாடு செய்தது. 2018-இல் ஜாவா 11, எக்ஸ்.ஜே.சி.யையும் தன் பெட்டியிலிருந்து வெளியே வைத்துவிட்டது; தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் பிடித்ததை விடாவிட்டால், இடத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் ஒருநாள் நிரம்பத்தான் செய்யும்.

இங்கே பின்வரிசையில் மாணவத் தம்பி தங்கைகள் இருக்கிறீர்கள். நாளைக்கு நீங்கள் புதுசா ஒரு இடத்தில் போய், "பழசெல்லாம் எங்க சார் போகுது?" என்று கேளுங்கள். முன்வரிசையில் இருக்கும் என் வயதுக்காரர்களே, கேட்டால் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள்.

சாப்பாடு தயார் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். சாம்பாரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.