வேலையில்லாதவரை யார் எண்ணுவது?



டிசம்பர் 6 அன்று நாம் பெரும்பாலும் அண்ணலின் நூல்களைப் பற்றியே பேசுகிறோம். இன்று தொழிலாளர் தலைவர் அம்பேத்கரை எடுத்துக்கொள்வோம். 1936இல் அவர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். அதே 1936இல்தான் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையத்தில் மில் தொடங்கினார். இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் மில்லுக்குள் சாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அண்ணல் பம்பாயில் காட்டியது நமக்கும் வேண்டும். அங்கே நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அறுந்த நூலை வாயில் வைத்து ஈரமாக்கி முடிய வேண்டும் என்பதால் நம்மவர்களை அந்தப் பிரிவுக்குள் விடவில்லை. 1928 வேலைநிறுத்தக் காலத்தில் சங்கத் தலைவர்களிடமே அவர் இதைக் கேட்டார்.

நம் ஊர்களுக்கு வருவோம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அங்கே நூற்பாலைகள், பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி. இங்கே பால்கோவா, கைத்தறி, நீதிமன்றம். வெளியூர்க்காரர் பார்த்தால் இங்கே வேலைக்கு என்ன குறை என்பார். அரசுக் கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. 2017–18இல் நாட்டின் வேலையின்மை 6.1 சதவீதம், 2023–24இல் 3.2. பாதியாகிவிட்டதாம்! எப்படி எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். வாரக் கணக்கில், ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். ஆண்டுக் கணக்கில், வருடம் முழுக்க வேலை தேடி அலைந்தவர் இடையில் 30 நாள் கூலிக்குப் போயிருந்தால் அவரும் வேலையில் இருப்பவரே. பட்டம் வாங்கிவிட்டுத் தறிக்கூடத்தில் பேல் தூக்கும் நம் தம்பி இந்தக் கணக்கில் வேலையில்லாதவன் அல்ல.

இன்னொரு எண்ணும் உண்டு: 480. இருபத்து நான்கு மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது 1981இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம். நல்ல சட்டம்தான். அந்த நாள் நெருங்கும்போது என்ன நடக்கும் என்பது காண்ட்ராக்டர் மூலம் மில்லுக்குள் போன எல்லோருக்கும் தெரியும். ஒரு மாதம் நிற்கச் சொல்வார்கள். பிறகு வேறு காண்ட்ராக்டரின் பெயரில் அதே வாசலில், அதே ஷிப்டில் சேர்வோம். விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்பிள்ளைகள் பல வருடமானாலும் பயிற்சியாளர்தான். இப்படித் துண்டு துண்டாக நறுக்கிய வேலைக்கு நடுவிலுள்ள நாட்களில்தான் நம்முடைய வேலையின்மை இருக்கிறது.

வேலைவாய்ப்பு அலுவலகம் என்ற ஏற்பாடு அண்ணல் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது உருவானது. பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை. நமக்கு வயது வரம்பு 45, மற்றவர்களுக்கு 40. நாற்பத்தைந்து வயதுவரை வேலை தேடுவோம் என்பதை அரசே எதிர்பார்த்திருக்கிறது. அரசு முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று பெருமைப்படுகிறோம். அந்த முத்திரையுள்ள பதிவு அட்டை நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் மங்கிக் கிடக்கிறது.

தனியார் இடங்களில் இடஒதுக்கீடு கிடையாது. சான்றிதழைப் பார்த்துவிட்டு, “எந்தத் தெரு?” என்று கேட்பார்கள். தெருவைச் சொன்னால் “சொல்லி அனுப்புகிறோம்” என்பார்கள். சாதியைக் கேட்டதாக எங்கும் பதிவாகாது. அதே நாளில் துப்புரவு ஒப்பந்தக்காரர் நம் தெருவுக்கே ஆள் தேடி வருவார். அவருக்குச் சான்றிதழ் வேண்டாம்.

ஆகவே இந்த மன்றத்தின் முன் ஒரு வேலையை வைக்கிறோம். கதை, கவிதை எழுதும் நம் பிள்ளைகள் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு ஊர்களிலும் நம் தெருக்களில் வீடு வீடாகப் போய் நான்கு கேள்விகள்: என்ன படிப்பு, போன வருடம் எத்தனை நாள் வேலை, எந்தப் பிரிவில், யார் மூலம். மில்லின் பெயரை எழுதினால் உள்ள வேலையும் போய்விடும் என்று அக்காமார் பயப்படுவார்கள். பெயர் வேண்டாம், நாட்கள் போதும். பொங்கலுக்குள் நோட்டுகள் வந்துவிட்டால், தை மாதக் கூட்டத்தில் கூட்டிப் பார்த்துக் கலெக்டரிடம் கொண்டுபோகலாம்.