மருந்து இலவசம், கூலியை யார் தருவது?

(செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சேரியின் இரவுப் பள்ளியில், இளைஞர்களும் குழுப் பெண்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு வீட்டுக் கடனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் என் அண்ணி, "அதைப் போயி நாலு பேரு முன்னால பேசுவாங்களா தம்பி? மானம் போயிடும்" என்றார்கள். அந்த மானத்தைப் பற்றித்தான் பேச்சே. பேசச் சொல்லி அவர்களே அனுமதியும் கொடுத்துவிட்டார்கள்.

என் அண்ணன் கட்டட வேலைக்குப் போகிறவர். நாள் கூலி 700 ரூபாய். மாதத்தில் இருபது நாள் வேலை கிடைத்தால் அதிகம். போன வருஷம் இருமல் பிடித்தது, மூன்று வாரம் விடவில்லை. சளியைச் சோதித்துப் பார்த்து டி.பி. என்றார்கள். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரையை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. சத்துணவுக்கென்று 2018இலிருந்து மாதம் 500 கொடுத்தார்கள், 2024 நவம்பரிலிருந்து 1,000. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை.

ஆனால் கணக்குப் போடுங்கள். மாதம் 14,000 கூலி, ஆறு மாதத்துக்கு 84,000. வந்தது 6,000. மிச்சம் 78,000 ரூபாய் எங்கிருந்து வரும்? மருந்து இலவசம். அரிசி ரேஷனில் கிடைக்கும். வாடகை, பிள்ளைகள் பஸ் செலவு, பருப்பு, எண்ணெய் எல்லாம் இலவசமா?

முதல் மாதம் அண்ணியின் கம்மல் அடகுக்குப் போனது. அடுத்த மாதம் தண்டல். பத்தாயிரம் என்று பேர். கையில் கொடுத்தது 8,500. தினம் நூறு ரூபாய், நூறு நாள். பிடித்த 1,500 சின்னத் தொகையாகத் தெரியும். நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டுகிறது. தண்டல் கட்ட முடியாமல் மகளிர் குழுவில் கடன். அதில் பாதி தண்டலுக்கே போனது. நோய் ஒன்று, கடன் மூன்று.

இரண்டாவது மாதக் கடைசியில் இருமல் நின்றது. "சரியாப் போச்சு, நான் வேலைக்குப் போறேன்" என்று அண்ணன் சாரம் ஏறிவிட்டார். மாத்திரை போட்டால் குமட்டுகிறது, வெயிலில் நிற்க முடியவில்லை என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும், பிறகு வைத்தியம் இன்னும் கடினம் என்று அவருக்குச் சொல்லாமல் இல்லை. தெரிந்துதான் நிறுத்தினார். காலையில் தண்டல்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் அவருக்கு மாத்திரை ஞாபகம் வராது. சேரி ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லாதது விழிப்புணர்வு அல்ல, கூலி.

இது விதியா? இல்லை தோழர்களே. இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளி நோயில் படுத்தால், தகுதி இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு 70 கிடைக்கிறது. டி.பி. போன்ற நீண்ட நோய்க்கு நூற்றுக்கு 80 வீதம் இரண்டாண்டு வரை உண்டு. அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த 1942-46 காலத்தில்தான் இதற்கான அடர்க்கார் அறிக்கை 1944இல் வந்தது. 1948இல் சட்டமானது. நோயாளியின் கூலி சமூகத்தின் பொறுப்பு என்பதை அன்றைக்கே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஆனால் அது அன்றாடக் கூலிக்காரரில் பெரும்பாலோரை எட்டவில்லை. வயலிலும் சாரத்திலும் சூளையிலும் நிற்கிற நம்மாட்களில் பெரும்பாலோர் வெளியே நிற்கிறார்கள். நம் கோரிக்கை அதுதான்: நோய்க்காலக் கூலி எல்லாக் கூலிக்காரருக்கும் வேண்டும்.

அதுவரைக்கும் என்ன செய்வது? எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன்.

ஒரு நோட்டு எடுத்தோம். யாரிடம், கையில் வந்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு. எழுதி முடித்ததும்தான் அண்ணன் தலையை நிமிர்த்தினார். எழுதாத கடன் மலை மாதிரி தெரியும். சோறும் மாத்திரைப் படியும் முதலில், கடன் பிறகு என்று முடிவு செய்தோம். கடனை அடைக்கக் கடன் இல்லை. வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து இல்லை. ரேஷன் அட்டை, ஏ.டி.எம். அட்டை யாரிடமும் அடகு இல்லை.

குழுப் பெண்கள் ஐந்து பேர் அண்ணியோடு கடன் கொடுத்த கம்பெனி ஆபீசுக்குப் போனார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டோடு, கடிதம் எழுதிக் கொடுத்து. மூன்று மாதத் தவணையைப் பாதியாக்கினார்கள். வட்டி ஏறத்தான் செய்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். சிறுகடன் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதியைப் படியுங்கள். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் போன் போட்டு நச்சரிக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, சொந்தக்காரரைத் தொல்லை பண்ணக் கூடாது, பேரை ஊருக்கு அறிவிக்கக் கூடாது.

தண்டலுக்கும் கந்துவட்டிக்கும் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது, மூன்றாண்டு வரை சிறை. ஆனால் அந்தச் சட்டம் வந்து பதினாலு வருஷம் கழித்து, 2017 அக்டோபரில், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே கந்துவட்டிக் கொடுமையில் ஒரு கூலிக் குடும்பம் இரண்டு குழந்தைகளோடு எரிந்து போனது. சட்டம் தானாக நடந்து வராது. தனி ஆள் மனு கொடுத்தால் மூலையில் கிடக்கும். ஐம்பது பேர் போய் நின்றால் ரசீது கிடைக்கும்.

அண்ணன் மறுபடி மாத்திரை எடுத்து, வைத்தியத்தை முடித்துவிட்டார். கடன் இன்னும் நாற்பதாயிரம் நிற்கிறது. கட்டுகிறார்கள். ராத்திரி தூங்குகிறார்கள்.

மானம் போயிடும் என்று அண்ணி சொன்னார்கள். காலங்காலமாக நம் உழைப்பைப் பிடுங்கியவனுக்கு மானக்கேடு இல்லை, படுத்த ஆறு மாதத்துக்குக் கடன் வாங்கினவளுக்கு மானக்கேடா? அந்த வெட்கம்தான் வட்டிக்காரனுக்கு ஜாமீன். அதை நாம் கொடுக்க வேண்டாம்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு நோட்டு, ஆளுக்கு ஐந்து வீடு. அம்மா, அக்கா, அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கணக்கை எழுதுங்கள். அடுத்த கூட்டத்தை அந்த நோட்டுகளோடு தொடங்குவோம்.

ஜெய் பீம்.