பின்னால் அமர்ந்திருப்பவர்களுக்காக



தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, ஆண்டவர் இயேசு பாலைநிலத்தில் நாற்பது நாள் சோதிக்கப்பட்ட நற்செய்தியைக் கேட்கிறோம். சோதனை என்றாலே நமக்குக் கலக்கம். வீட்டில் நோய் வந்தாலும் வேலை போனாலும், கடவுள் ஏன் நம்மைச் சோதிக்கிறார் என்று கேட்கிறோம். ஆனால் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் நாம் செய்வதற்கும் ஆத்தும சோதனை என்றுதானே பெயர்? ஒரே சொல் இரண்டு இடத்திலும் ஏன் வருகிறது என்பது, சிங்கப்பூரில் தேசிய சேவை செய்த நாள்களில் எங்களுக்கு ஓரளவு விளங்கியது.

1967ஆம் ஆண்டு மார்ச் மாதம் அதற்கான சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் முதல் அணி இளைஞர்கள் முகாமில் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்து எங்கள் முறை வந்தது. தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் ஒரே கூடத்தில் படுத்தோம். ஒரே தட்டில் சாப்பிடாவிட்டாலும் ஒரே வரிசையில் நின்றோம். எங்களில் சிலரைக் கவச வண்டிகளைப் பரிசோதிக்கும் வேலைக்கு அனுப்பினார்கள்.

எம்-113 என்னும் வண்டி அது. அலுமினியக் கவசம், சங்கிலிச் சக்கரம், எடை சுமார் 12 டன். ஓட்டுநர், தளபதி இருவரோடு 11 வீரர்கள் பின்னால் உட்காரலாம். அவ்வளவு கனமான வண்டி தண்ணீரில் மிதக்கும். ஆனால் நீருக்கு மேலே தெரிவது கொஞ்சம்தான்.

ஆகவே நீரில் இறங்குமுன் சோதிப்போம். அடிப்பாகத்து வடிகால் அடைப்பான்கள் இறுக்கமாக உள்ளனவா? பின்கதவைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு வெடித்திருக்கிறதா? நீரிறைக்கும் பம்புகள் ஓடுகின்றனவா? முன்பலகை உயர்த்தப்பட்டதா? பிறகுதான் குளத்தில் இறக்குவோம். கரையில் மீட்பு வண்டி இரும்புக் கயிற்றோடு தயாராக நிற்கும்.

ஒருநாள் புதுச் சாயம் பூசிய வண்டியொன்று இறங்கியது. பார்க்க அழகு. சற்று நேரத்தில் பின்பக்கம் தாழத் தொடங்கியது. கதவு ரப்பர் காய்ந்து இறுகிப் போயிருந்தது. சாயம் அதை மறைத்திருந்தது. கயிற்றைப் போட்டு இழுத்தார்கள். யாருக்கும் ஆபத்தில்லை. ரப்பரை மாற்றியபின் மறுநாள் அதே வண்டி நன்றாக மிதந்தது. அதைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை.

அன்பர்களே, வண்டியை மூழ்கடிக்க யாரும் அதைச் சோதிப்பதில்லை. குறை இருந்தால், உதவி அருகில் இருக்கும்போதே அது தெரியட்டும் என்றுதான் சோதிக்கிறோம். தீமைக்கு இழுப்பது கடவுளின் வேலையல்ல என்று யாக்கோபு தம் திருமுகத்தில் கற்பிக்கிறார். இறைவன் கரையில் கயிற்றோடு நிற்கிறவர்.

இன்னொன்றும் உண்டு. பின்னால் இருக்கும் பதினொருவருக்கும் சன்னல் கிடையாது. தண்ணீர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஓட்டுகிறவனை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் குடும்பங்களும் அப்படித்தானே? மனைவிக்குத் தெரியாத கடன், பிள்ளைகளுக்குத் தெரியாத குடி, பெற்றோருக்குத் தெரியாத சூதாட்டம். ஞாயிறுதோறும் நல்ல உடை உடுத்திக் கோவிலுக்கு வருகிறோம், வெளிச்சாயத்துக்குக் குறைவில்லை. ஆனால் உள்ளே நீர் ஏறினால் நாம் மட்டுமா மூழ்குவோம்? ஆத்தும சோதனையை நம் சொந்த மீட்புக்கான காரியம் என்று மட்டும் நினைக்கிறோம். அது பின்னால் அமர்ந்திருப்பவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடனும் ஆகும்.

முழுக்க நீர் புகாத வண்டி அரிது. அதனால்தான் நீரில் இருக்கும் நேரமெல்லாம் பம்புகள் ஓட வேண்டும். நமக்கும் ஆண்டுக்கு ஒருமுறை போதாது. இன்றிரவு விளக்கை அணைக்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குவோம். எங்கே கசிகிறது என்று பார்ப்போம். பாஸ்காவுக்கு முன் ஒப்புரவு அருட்சாதனத்தை நாடுவோம். மறைத்து வைத்த ஒன்றை வீட்டாரிடம் சொல்லும் துணிவையும் கேட்போம்.

இந்த மாதம் சீருடை அணியப் போகும் நம் பிள்ளைகளுக்காகவும் மன்றாடுவோம். அவர்கள் சோதித்துச் சீர்செய்யும் எந்த வண்டியும் போருக்குப் போகும் நாள் வராதிருப்பதாக.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.