கனவை யாரிடம் சொல்வது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சிலிம் ரிவருக்குக் கிழக்கே எழும் தீத்திவாங்சா மலைத்தொடரில் செமாய் மக்கள் வாழ்கிறார்கள். வடக்கே போனால் தெமியார் மக்கள். இந்தப் பூர்வகுடியினரைச் செனோய் என்ற பொதுப்பெயரால் அழைப்பதுண்டு. உளவியல் உலகில் ஒரு காலத்தில் இந்தப் பெயர் மிகவும் அடிபட்டது. காரணம், கனவு.

1934இல் கில்டன் ஸ்டுவர்ட் என்ற அமெரிக்கர் பேராக்கிற்கு வந்தார். தைப்பிங் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய மானிடவியலாளர் பாட் நூனின் துணையோடு தெமியார் மக்களைச் சந்தித்தார். 1951இல் ஒரு கட்டுரை எழுதினார். செனோய்ப் பிள்ளைகள் காலை உணவின்போது கனவுகளைச் சொல்வார்களாம். கனவில் ஆபத்து வந்தால் ஓடாமல் எதிர்த்து நிற்கும்படி பெரியவர்கள் பழக்குவார்களாம். இதைப் படித்துவிட்டு அமெரிக்காவில் கனவுக் குழுக்களே தோன்றின.

ஆனால் அந்த மக்களோடு தங்கி, அவர்கள் மொழியைக் கற்ற மானிடவியலாளர் ராபர்ட் டெண்டன் போன்றவர்கள் அப்படியொரு காலைப் பாடத்தைக் காணவில்லை. ஆய்வாளர் வில்லியம் டோம்ஹாஃப் 1985இல் ஸ்டுவர்ட்டின் கூற்றை அலசித் தனி நூலே எழுதினார்.

ஸ்டுவர்ட் கதையில் கேட்பவர் கனவைத் திருத்துகிறார். உளப்பகுப்பாய்வில் நடப்பது வேறு. வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டு, நோயாளி சொன்ன கனவு புரியாவிட்டால் இன்னொரு முறை சொல்லச் சொல்வார். இரண்டாம் முறை எந்த இடத்தில் சொற்கள் மாறினவோ, அங்கிருந்தே விசாரணையைத் தொடங்குவார். மனம் எதையோ மூடி மறைக்கும் இடம் அது என்பது அவர் கணிப்பு. நோயாளி தயங்குவது, ஒரு துண்டை மறந்துவிட்டுப் பிறகு நினைவுகூர்வது எல்லாமே அவருக்குச் செய்திதான். கனவில் வந்தவர் யாரென்று கேட்கிறீர்கள், நிச்சயமாக என் அம்மா இல்லை என்றார் ஒருவர். அம்மாவைப் பற்றிக் கேட்காமலே வந்த அந்த மறுப்பை வைத்து, அம்மாதான் என்று ஃபிராய்டு முடிவுகட்டினார். 1925இல் எழுதிய கட்டுரையில் இதைப் பதிவும் செய்தார். அந்த முடிவு எப்போதும் சரியாகிவிடாது. ஆனாலும் ஒருவர் சொல்லும் விதத்தை அவ்வளவு பொறுமையாகக் கேட்டது பெரிய விஷயம்.

தெமியார் மக்களிடம் உண்மையில் இருந்ததோ ஸ்டுவர்ட் சொன்னதைவிட அழகானது. மலை, ஆறு, பழமரம் ஆகியவற்றின் ஆவிகள் கனவில் வந்து பாட்டு கொடுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆய்வாளர் மரினா ரோஸ்மேன் 1991இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்குகிறார். கனவில் பாட்டைப் பெற்றவர் நோய் தீர்க்கும் இரவுச் சடங்கில் அதை ஊரார் முன் பாடுவார். பெண்கள் மூங்கில் குழாய்களைத் தட்டியபடி, அவர் பாடும் அடிகளைத் திரும்பப் பாடுவார்கள். அங்கே கனவைக் கேட்பது ஒரு மருத்துவர் மட்டுமல்ல, ஊரே.