நெற்பயிரும் களையும்



கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி ஆற்றின் நீரைக்கொண்டு கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் நெல் விளைவிக்கிறோம். சங்கத்தில் கடன்பெற்று உரமும் இடுகிறோம். அவ்வுரத்தைப் பயிருக்கு முன்பாகக் களை உண்டுவிடுமாயின் வட்டி கட்டுகிறவர் யார்?

கோரையும் நீராரையும் கண்ணுக்குத் தெரிந்த சத்துருக்கள். காட்டுக் குதிரைவாலிப் புல்லோ நெல்லின் வேஷந்தரித்து நாற்றங்காலிற் புகுந்து, நாற்று முடியோடு நம் கையாலேயே வயலில் நடப்படுகிறது. இலை தண்டைத் தழுவுமிடத்தை விலக்கிப் பாருங்கள். நெல்லுக்கு அங்கே நாக்குப்போன்ற மெல்லிய சவ்வு உண்டு. இப்புல்லுக்கு அஃது இல்லை. களையெடுக்கும் பெண்மக்களுக்கு இதனைக் காட்டுவது உத்தமம். அவர்களிற் பலர் நம்மைவிட நன்கறிவார்கள் என்பதும் உண்மையே.

பயிர் தூர்கட்டும் முதல் 40 நாட்களே முக்கியம். நட்ட 15ஆம் நாளிலும் 35ஆம் நாளிலும் களையெடுத்தல் வேண்டும். 50ஆம் நாளில் பறித்தால் வயல் அழகாகத் தோன்றும். இழந்த தூர் திரும்பாது. வேர்பிடித்தபின் 2 அங்குல நீர் நிறுத்தினால் பல களைவிதைகள் முளையா. மலைமேல் மானாவாரியாக விதைக்கும் நெல்லுக்கு இக்காவல் இல்லை. பயிரும் களையும் ஒருங்கே முளைப்பதால் அங்கே முதற்களையைத் தாமதியாது எடுக்கவேண்டும்.

வரிசையாக நட்டவர்கள் கோனோவீடர் என்னும் உருளைக் களைக்கருவியை ஓட்டலாம். களை சேற்றில் மடிந்து எருவாகும். சங்கத்தின் பொதுவில் இரண்டு வாங்கினாற் போதும். ஆனால் நம் முறை வருமளவும் களை காத்திராது. ஆகையால் ஒவ்வொருவர் நடவுத் தேதியையும் சங்கக் கணக்கில் எழுதிவைத்து, அதன்படி முறை வகுத்துக்கொள்ளுங்கள்.