கிணற்று நீரும் ஊர்க் கணக்கும்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழல் குறியீடுகளைக் கொண்டு வளங்களைப் பேணுவது பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். தலைப்பு பெரியது, எனக்குத் தரப்பட்ட நேரமோ உணவு வேளைக்கு முந்தையது. காற்றின் மாசு, காட்டின் பரப்பு, ஆற்றுநீரின் தூய்மை என அளக்கத்தக்கவை பல உண்டு. அவற்றை விடுத்து, வந்தவாசி, ஆரணி, செய்யாறு, போளூர்ப் பகுதிகளில் உழவை நம்பி வாழும் நம் குடும்பங்கள் நாள்தோறும் எட்டிப் பார்க்கும் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அது கிணற்றின் நீர்மட்டம்.

என் தந்தையார் காலத்தில் எங்கள் கிணற்றில் கவலை ஓடியது. வடத்தின் நீளமே அவருக்கு அளவுகோல். பங்குனியில் வடத்தோடு இன்னும் இரண்டு முழம் சேர்த்துக் கட்ட நேர்ந்தால், அவ்வாண்டு மேட்டுக் கழனிக்கு நீர் இல்லை என்று அன்றே முடிவு செய்துவிடுவார். நீர் கீழே போகப் போக மாடுகள் விரைவில் களைக்கும். மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். பின்னர் மின்மோட்டார் வந்தது. வடமும் போயிற்று, மாடும் போயிற்று. வேளாண்மைக்கு மின்சாரம் விலையின்றி வழங்கப்படும் நம் மாநிலத்தில் கட்டணச் சீட்டும் வருவதில்லை. உழவரின் சுமையைக் குறைத்த அத்திட்டத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும், நீர் இறங்குகிறது என்று உழவருக்குச் சொல்லிக்கொண்டிருந்த அறிகுறிகள் ஒவ்வொன்றாக மறைந்துபோயின என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று மோட்டார் காற்றை இழுக்கும்போதுதான் நமக்குச் செய்தி கிடைக்கிறது. அதற்குள் பயிர் நட்டாகிவிட்டது, கடனும் வாங்கியாகிவிட்டது.

உழவர் இழந்த அளவுகோலை அரசு வேறொரு வடிவில் வைத்திருக்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநிலத் துறையும் இணைந்து ஒரு விழுக்காட்டைக் கணக்கிடுகின்றன; முன்னர் அது குறுவட்டந்தோறும், அதாவது பழைய பேச்சில் பிர்காதோறும், கணக்கிடப்பட்டது. மழையாலும் ஏரியாலும் பாசனக் கசிவாலும் ஓர் ஆண்டில் நிலத்தடியில் சேரும் நீரில், இயற்கையான ஒழுக்குக்கு ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டு, எடுக்கத்தக்கது எவ்வளவு என்று காண்பர். அதில் உண்மையில் எடுத்தது எத்தனை விழுக்காடு என்பதே அந்த எண். 70 வரை பாதுகாப்பான பகுதி. 70-க்கு மேல் 90 வரை மிதமான அபாயப் பகுதி. 90-க்கு மேல் 100 வரை அபாயகரமான பகுதி. 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வுப் பகுதி. நூறு ரூபாய் வரவுக்கு நூற்றிருபது செலவு செய்ய முடியுமா என்று வினவலாம். முன்னோர் சேர்த்த முதல் இருக்கும் வரை முடியும்.

2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் தமிழகத்தின் 1166 குறுவட்டங்களுள் 462 அதிநுகர்வுப் பகுதிகள்; பாதுகாப்பானவை 427 மட்டுமே. 2020-இல் அதிநுகர்வுப் பகுதிகள் 435 ஆகக் குறைந்தன. இதனைக் கண்டு மகிழ்வோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 2016-இன் வடகிழக்குப் பருவமழை ஒரு நூற்றாண்டில் காணாத அளவுக்குப் பொய்த்தது. அத்தகைய ஆண்டுகளுக்குப் பின் எண் சற்றே இறங்கினால், நாம் திருந்தினோமா, மழை திரும்பியதா என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது.

இவ்வெண்ணைக் கொண்டு அரசு சில முடிவுகளை எடுக்கிறது. தடுப்பணையும் செறிவூட்டல் கிணறும் எங்கே முதலில் அமைப்பது, புதிய கிணறுகளுக்கு நிறுவனக் கடன் எங்கே தருவது, ஆலைகளுக்கு நீரெடுக்கும் இசைவை எங்கே மறுப்பது என்பவற்றுக்கு இதுவே அடிப்படை. ஆனால் இறைப்பை முறைப்படுத்தும் சட்டம் என்று வரும்போது கை தயங்குகிறது. 2003-இல் மாநிலம் முழுமைக்கும் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் நீக்கப்பட்டது. கடன் நிறுத்தத்தாலும் கிணறுகள் குறைந்ததாக நான் காணவில்லை. வங்கியில் இல்லை என்றவுடன் நம்மவர் நகையை அடகு வைத்துத் துளையிட்டனர்.

அந்த எண்ணின் குறைகளையும் நான் அறிவேன். நீர்மட்டம் அளக்கும் பணியில் இருந்தவன் நான். வேளாண்மைக்கு மானி இல்லாமையால், எடுக்கப்படும் நீர் அளக்கப்படுவதில்லை. கிணறுகளின் எண்ணிக்கையை வைத்தும் சராசரி இறைப்பை வைத்தும் அது மதிப்பிடப்படுகிறது. மேலும் குறுவட்டம் என்பது பல ஊர்களின் தொகுதி. ஏரிக்குக் கீழே உள்ள ஊரின் கிணறும் கரட்டின் அடியில் உள்ள ஊரின் கிணறும் அதில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. அதில் எனக்கும் பங்குண்டு. எஃகு நாடாவின் நுனியில் சுண்ணக்கட்டி தேய்த்துக் கிணற்றில் இறக்குவோம். நனைந்த இடம் வரை கழித்துப் பார்த்தால் நீரின் ஆழம் தெரியும். அதை ஏட்டில் எழுதி அலுவலகத்துக்கு அனுப்புவோம். எங்கள் ஊருக்கு இரண்டு கல் தொலைவில் இருந்த ஒரு கிணற்றை நான் பதினோராண்டுகள் இவ்வாறு அளந்தேன். ஆண்டுக்கு ஆண்டு அது இறங்கியதை என் கையெழுத்திலேயே காணலாம். அதே ஆண்டுகளில் என் தம்பி மூன்று ஆழ்துளைக் கிணறுகள் இட்டார். இரண்டில் புழுதிதான் வந்தது. நான் அவரிடம் அந்த எண்ணைச் சொன்னதில்லை. மறைத்தேன் என்பதில்லை, சொல்ல வேண்டியது என்று தோன்றவேயில்லை. எண் மேலிடத்துக்குப் போவதற்கு உரியது என்றே நாங்கள் பழக்கப்பட்டிருந்தோம்.

அன்று சொல்லியிருக்க வேண்டிய கணக்கை இன்று சொல்கிறேன். நம் பகுதியின் அடித்தளம் கடினப் பாறை. அதன் மேலுள்ள சிதைந்த பாறையில் நீர் தங்கும் இடம் மிகக் குறைவு. நூறு பங்கில் இரண்டு பங்கு என்று கொள்ளலாம். மழைக்காலத்தில் கிணறு 10 அடி ஏறியது என்றால், ஓர் ஏக்கரின் அடியில் சேர்ந்தது ஏறத்தாழ இரண்டரை லட்சம் லிட்டர். ஓர் ஏக்கர் நெல்லுக்கோ 1200 மில்லிமீட்டர் வேண்டும். அது 48 லட்சம் லிட்டர். அதாவது, நவரையில் கிணற்று நீரை மட்டும் நம்பி ஓர் ஏக்கர் நெல் நட்டால், ஏறத்தாழ 20 ஏக்கர் நிலத்தின் அடியில் சேர்ந்ததை அது குடிக்கிறது. வயலில் பாய்ச்சியதில் மூன்றில் ஒரு பங்கு கீழே திரும்பும் என்று தள்ளுபடி செய்தாலும் 13 ஏக்கர். மணிலாவுக்கு 500 மில்லிமீட்டர் அளவில் போதும். 8 ஏக்கரின் நீர். நம்முள் 13 ஏக்கர் ஒரே சேர்க்கையாக வைத்திருப்பவர் எத்தனை பேர்? ஆகவே நம் நெல் அடுத்த கழனிக்காரரின் நீரையும், அவர் நெல் நம் நீரையும் குடித்துக்கொண்டிருக்கின்றன. யார் மோட்டார் ஆழத்தில் இருக்கிறதோ அவருக்கு வெற்றி, அடுத்தவர் அதைவிட ஆழமாகத் துளையிடும் வரை.

இக்கணக்கை ஊரார் கூடிப் போட முடியுமா என்ற ஐயத்துக்கு, நம் எல்லையை அடுத்த சித்தூர் மாவட்டத்திலேயே விடை உண்டு. 2003-இல் தொடங்கி, அன்றைய ஆந்திரத்தின் வறண்ட 7 மாவட்டங்களில் 600-க்கும் மேற்பட்ட ஊர்களில் உழவர்களே நிலத்தடி நீரை நிருவகிக்கும் திட்டம் ஒன்று நடந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு அதற்குத் துணை நின்றது. உழவர்களே மழையை அளந்தனர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிணறுகளை அளந்தனர். அளவுகளை ஊர்ச் சுவரில் எழுதினர். பருவமழை முடிந்ததும் கூடி அமர்ந்து, இருப்பு இவ்வளவு, இன்னின்னார் இன்ன பயிர் வைத்தால் தேவை இவ்வளவு என்று கூட்டிப் பார்த்தனர். தடையும் இல்லை, தண்டமும் இல்லை, மானியமும் இல்லை. கணக்கைப் பார்த்தபின் அவரவர் விருப்பம். பல இடங்களில் நெல்லின் பரப்புக் குறைந்து குறைந்த நீர்ப் பயிர்கள் கூடின, இறைப்பும் குறைந்தது. குறையாத இடங்களும் உண்டு. திட்டப் பணம் நின்றபின் பல ஊர்களில் அளவெடுப்பும் தளர்ந்தது. இதையும் மறைக்கலாகாது. வெளியார் பணத்தில் தொடங்கியதை ஊரார் தம் பழக்கமாக்கிக்கொள்வதே கடினமான பகுதி.

எனவே பெரிய திட்டம் எதையும் நான் முன்வைக்கவில்லை. ஊருக்கு ஐந்து கிணறுகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஏரிக்கு அருகில் ஒன்று, மேட்டில் ஒன்று, மற்றவை இடையில். மாதத்தின் முதல் ஞாயிறு காலை, மோட்டார் போடுமுன் அளக்க வேண்டும். இறைத்த பிறகு அளந்தால் எண் பொய்யாகும். பள்ளிப் பிள்ளைகளே இதைச் செய்யலாம். அளவைக் கோயில் மதிலிலோ நூலகச் சுவரிலோ எழுதுங்கள். மார்கழியில், நவரைக்கு நாற்று விடுமுன், ஒரு மாலை கூடுங்கள். ஆழ்துளைக் கிணறு மட்டும் உள்ளவர்கள் குழாயின் பக்கத்துளை வழியாக நாடாவை இறக்கலாம். துளை இல்லையேல் அடுத்தமுறை மோட்டாரைத் தூக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மார்கழியில் தம்பியின் பழைய கிணற்றின் உட்சுவரில் அடிக்கு ஒன்றாக வெள்ளைக் கோடுகள் இட்டோம். நீர் 24-ஆம் கோட்டில் நின்றது. கணக்கைக் கேட்டபின் அரை ஏக்கரில் நெல்லும் இரண்டு ஏக்கரில் மணிலாவும் வைத்தார். "அண்ணா, இதை அப்போதே சொல்லியிருக்கலாமே" என்றார். பங்குனியில் நீர் 33-இல் இருந்தது. பயிர் கரை சேர்ந்தது. பக்கத்துக் கழனிக்காரர் இன்னும் இரண்டு ஏக்கர் நெல்தான் வைக்கிறார். இவ்வாண்டுக் கூட்டத்துக்கு அவரையும் அழைத்திருக்கிறோம்.

உணவுக் கூடத்தின் வாயிலில் அளவு நாடாக்கள் சிலவும் சுண்ணக்கட்டிப் பெட்டி ஒன்றும் வைத்துள்ளேன். ஊருக்கு ஒருவர் பெயரைப் பதிந்து எடுத்துச் செல்லுங்கள்.